தாழம்பூ நிற்கும், மல்லி மாறும்

முந்தின நாள் சாயங்காலம் வாளியில் இருந்தது தேன் பதத்தில் திரண்ட திரவ சோப்பு. கரண்டியில் மொண்டு ஊற்றினால் பட்டையாக, அவசரமே இல்லாமல் இறங்கியது. காலையில் அதில் எலுமிச்சை சென்ட்டை ஊற்றிக் கலக்கினார்கள். பத்து நிமிடத்தில் வாளி முழுக்க ரசம் மாதிரி ஓடுகிறது. பக்கத்து வாளியில் இருப்பதும் அதே சோப்புதான். ஊற்றிய அளவும் அதேதான். சென்ட் மட்டும் வேறு. அது இளகாததோடு, கரண்டியை நட்டால் நிற்கும் அளவுக்கு இறுகிக் கிடக்கிறது.

வீட்டில் திரவ சோப்பு தயாரிப்பவர்களில் இந்தக் காட்சியைப் பார்க்காதவர்கள் குறைவு. “சென்ட்டில் ஏதோ கலப்படம்” என்று கடைக்காரர் மேல் பழி விழும். பல நேரம் அவர் மேல் தப்பே இருக்காது. சோப்புக்குள் போகும் வாசனை, பாயசத்தில் தூவிய ஏலக்காய் போல மணத்தை மட்டும் கொடுத்துவிட்டுச் சும்மா இருப்பதில்லை. சோப்பின் உள்கட்டுமானத்திலேயே கை வைக்கிறது. சில சமயம் சோப்பு திருப்பி அடித்து, வாசனையையே வேறொன்றாக மாற்றிவிடுகிறது.

செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம், மாமல்லபுரம் வட்டாரத்தில் இது வெறும் பொழுதுபோக்குச் சங்கதி இல்லை. 1989-இல் தருமபுரி மாவட்டத்தில் முளைவிட்ட மகளிர் சுய உதவிக் குழுக்கள் தமிழ்நாடு முழுக்கப் பரவியபோது, கையில் அதிகம் முதல் இல்லாதவர்கள் தொட்ட தொழில்களில் ஃபினாயில், சோப் ஆயில், டிஷ் வாஷ், ஹேண்ட் வாஷ் எல்லாம் முன்வரிசையில் இருந்தன. ஒரு பிளாஸ்டிக் பீப்பாய், ஒரு மரத்துடுப்பு, ஒரு தராசு போதும். சரக்கெல்லாம் சென்னை பாரிமுனையில் கிடைக்கும். நயினியப்ப நாயக்கன் தெருப் பக்கம் போனால் கெமிக்கல் கடைகளில் லிட்டர் கணக்கில் அளந்து கொடுப்பார்கள். வாங்கவும் ஆள் உண்டு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடுதி, உணவகம் என்று எங்கே கை கழுவப் போனாலும் குழாயடியில் ஒரு பம்ப் பாட்டில் நிற்கிறது. அந்த பாட்டிலை அழுத்தியதும் மூக்கில் ஏறுவது எது என்பதில்தான் போட்டியே.

பெயர் ஒன்று, பொருள் இரண்டு

‘திரவ சோப்பு’ என்று ஒரே பெயரில் வழங்கும் பொருள் உண்மையில் இரண்டு வகை. முதல் வகை அசல் சோப்பு. தேங்காய் எண்ணெயோ விளக்கெண்ணெயோ எடுத்து, காஸ்டிக் பொட்டாஷ் கரைசலோடு சேர்த்துச் சூடுபடுத்தினால் எண்ணெய் சோப்பாக மாறும். கட்டி சோப்புக்குக் காஸ்டிக் சோடா, திரவ சோப்புக்குக் காஸ்டிக் பொட்டாஷ். சோடியம் சோப்பு இறுகும், பொட்டாசியம் சோப்பு இளகிக் களியாக நிற்கும். அந்தக் களியைத் தண்ணீரில் கரைத்தால் திரவ சோப்பு. ஒரு கிலோ தேங்காய் எண்ணெய் முழுதும் சோப்பாக ஏறக்குறைய 250 முதல் 260 கிராம் சுத்தமான பொட்டாஷ் வேண்டும். இந்த வேலையில் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. பொட்டாஷைத்தான் தண்ணீரில் போட வேண்டும். பொட்டாஷ் மேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது. காரம் அதை அரித்து ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும். எவர்சில்வர் போதும்.

இரண்டாவது வகையில் காய்ச்சும் வேலையே இல்லை. வெண்மையாக, பசை போல இருக்கும் எஸ்.எல்.இ.எஸ்., அதோடு தேங்காய் எண்ணெயின் கொழுப்பு அமிலங்களிலிருந்து தயாராகும் சி.ஏ.பி.பி., இரண்டையும் தண்ணீரில் கரைத்தால் ஹேண்ட் வாஷ். பாத்திரம் கழுவவும் தரை துடைக்கவும் என்றால், கருப்பட்டிப் பாகு நிறத்தில் வரும் ஆசிட் ஸ்லரியைக் காஸ்டிக் சோடாவால் சமன் செய்து கலப்பார்கள். வேதியியல் கணக்கில் இவை சோப்பு இல்லை, டிடர்ஜென்ட். நம் வட்டாரக் கொட்டகைகளில் தயாராவது பெரும்பாலும் இந்த வகைதான்.

இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ளாமல் சென்ட் பாட்டிலைத் திறப்பதில்தான் பாதிச் சிக்கல் தொடங்குகிறது. அசல் சோப்பின் பி.எச். அளவு 9-க்கும் 10.5-க்கும் நடுவில் இருக்கும். நல்ல காரம். டிடர்ஜென்ட் வகையை எலுமிச்சை உப்பு எனப்படும் சிட்ரிக் அமிலத்தால் 6 வரைக்கும் கொண்டுவரலாம். அசல் சோப்பில் அந்த வேலை நடக்காது. அமிலம் ஏற ஏறச் சோப்பு உடைந்து கொழுப்பு அமிலமாகப் பிரிந்து, பால் போலக் கலங்கிவிடும். ஆக, ஒரே மல்லிகை சென்ட் இரண்டு வாளிகளில் விழுந்தால் அதற்கு வாய்ப்பது இரண்டு விதமான வாழ்க்கை.

செண்டுக்குள் சென்ட்

எண்ணெய் தண்ணீரில் கரையாது. அப்படியிருக்க, எண்ணெயான சென்ட் சோப்புத் தண்ணீரில் மட்டும் எப்படிக் கண்ணுக்குத் தெரியாமல் கரைகிறது?

சோப்பு மூலக்கூறுக்கு ஒரு தலை, ஒரு வால். தலைக்குத் தண்ணீர் பிடிக்கும், வாலுக்கு எண்ணெய் பிடிக்கும். தண்ணீரில் போதுமான அளவு சோப்பு சேர்ந்ததும் இந்த மூலக்கூறுகள் ஐம்பது, நூறு என்று கூடி, தலையை வெளியே வைத்து வாலை உள்ளே மடக்கி உருண்டை கட்டிக்கொள்கின்றன. பூவெல்லாம் வெளியே தெரிய, காம்பெல்லாம் உள்ளே மறையக் கட்டிய பூச்செண்டு போல. ஒரு செண்டின் குறுக்களவு ஏறக்குறைய 5 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டர் இடத்தில் இரண்டு லட்சம் செண்டுகளை வரிசையாக வைக்கலாம்.

இந்தச் செண்டுக்கு மிசெல் என்று பெயர். 1913 வாக்கில் இப்படி ஒன்று இருந்தே தீர வேண்டும் என்று வாதாடியவர் கனடாவில் பிறந்து இங்கிலாந்தின் பிரிஸ்டலில் பணியாற்றிய ஜேம்ஸ் வில்லியம் மெக்பெயின். சோப்புக் கரைசல் மின்சாரத்தை நன்றாகவே கடத்தியது. ஆனால் கரைசலில் எத்தனை துகள் இருக்கின்றன என்று வேறு வழியில் அளந்தால், எண்ணிக்கை குறைவாக வந்தது. துகள்கள் கூட்டம் கூட்டமாகச் சேர்ந்திருந்தால் மட்டுமே கணக்கு உதைக்காமல் இருக்கும் என்றார் அவர். அன்றைக்குப் பலரும் நம்பவில்லை. சோப்பு ஆராய்ச்சியிலேயே வாழ்நாளைக் கழித்த அந்த மெக்பெயின்தான், 1950-இல் திறக்கப்பட்ட புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர்.

நாம் ஊற்றும் சென்ட் இந்தச் செண்டுகளுக்குள் புகுந்துகொள்கிறது. செண்டு சற்று வீங்கும், அவ்வளவுதான். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் 400 முதல் 700 நானோமீட்டர். அதைவிட எவ்வளவோ சிறிய செண்டுகள் ஒளியைச் சிதறடிப்பதில்லை, ஆகவே சோப்பு கண்ணாடி போலத் தெளிவாகத் தெரிகிறது. சென்ட் அளவுக்கு மீறினால் செண்டுகளில் இடம் போதாது. மிச்சம் துளிகளாகத் திரண்டு ஒளியைச் சிதறடிக்க, சோப்பு மங்கும். இன்னும் மீறினால் மேலே எண்ணெய்ப் படலம் மிதக்கும். வெள்ளை ஃபினாயிலில் இந்தக் கலங்கலை வேண்டுமென்றே வரவழைக்கிறார்கள். ஹேண்ட் வாஷில் அதுவே குறை. தெளிவு கெடும் இடம்தான் அந்த சென்ட்டுக்கு அந்தச் சோப்பு போடும் எல்லைக்கோடு.

எல்லா வாசனை மூலக்கூறும் செண்டுக்குள் ஒரே இடத்தில் உட்காருவதில்லை. எலுமிச்சை, ஆரஞ்சுத் தோலில் உள்ள லிமோனீன் தண்ணீரை அறவே வெறுக்கும். நேராக நடுமையத்துக்குப் போய்விடும். ரோஜா வாசனையின் முக்கியப் பங்காளியான ஃபீனைல் எத்தில் ஆல்கஹாலுக்குத் தண்ணீரும் ஆகும். லிட்டருக்கு ஏறக்குறைய 20 கிராம் வரை தண்ணீரிலேயே கரையும். ஆகவே அது செண்டின் ஓரத்தில், தலைகளுக்கு இடையில் ஒண்டிக்கொள்ளும். மையத்தில் உட்காருவதா ஓரத்தில் ஒண்டுவதா என்பதுதான் தொடக்கத்தில் பார்த்த இரண்டு வாளிகளின் தலையெழுத்தையும் முடிவு செய்தது.

உப்பு கட்டும் சரம்

டிடர்ஜென்ட் வகைத் திரவ சோப்பைக் கெட்டியாக்குவது சமையல் உப்பு. கோவளம், கேளம்பாக்கம் உப்பளங்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு உப்பு என்றால் நீரை வற்ற வைத்து எடுப்பது. இங்கே அதே உப்பு நீரைக் கெட்டியாக்குகிறது.

எஸ்.எல்.இ.எஸ். மூலக்கூறின் தலையில் எதிர்மின்னூட்டம் இருக்கும். தலைகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருப்பதால் உருண்டைக்கு மேல் நெருக்கமாக அடுக்க முடியாது. உப்பு போட்டதும் அதன் சோடியம் அயனிகள் தலைகளுக்கு நடுவில் புகுந்து சண்டையைத் தணிக்கின்றன. தலைகள் நெருங்குகின்றன. உருண்டைச் செண்டு நீண்டு நீண்டு சரமாகிறது. ஆயிரக்கணக்கான சரங்கள் பின்னிக்கொண்டால், கூடையில் சிக்கிக்கொண்ட பூச்சரம் போல ஒன்றை இழுத்தால் மற்றவையும் சேர்ந்தே வரும். அதைத்தான் நாம் ‘கெட்டி’ என்கிறோம்.

இப்போது எலுமிச்சை சென்ட் விழுகிறது. லிமோனீன் சரத்தின் மையத்தில் புகுந்து உப்ப வைக்கிறது. மெல்லிய சரத்தைவிட உருண்டைக்கு வயிற்றில் இடம் அதிகம். சரங்கள் துண்டு துண்டாக அறுந்து பழையபடி உருண்டைகளாகின்றன. பின்னல் போனதும் சோப்பு ரசமாகிறது. ஓரத்தில் ஒண்டும் ஆல்கஹால் வகை வாசனைகள் பல இதற்கு நேர் எதிர். தலைகளுக்கு இடையில் ஆப்பு போல நின்று சரம் நீள உதவுகின்றன. இரண்டாவது வாளி இறுகியது அதனால்தான். கடையில் வாங்கும் சென்ட்டில் வாசனைப் பொருள் மட்டும் இருப்பதும் இல்லை. அதை இளக்க டை புரொப்பிலீன் கிளைகால் மாதிரிக் கரைப்பானும் சேர்த்திருப்பார்கள், அதுவும் தன் பங்குக்குச் சோப்பை நீர்க்க வைக்கும். ஒரே நிறத்தில், ஒரே பெயர் ஒட்டிய இரண்டு கடைகளின் எலுமிச்சை சென்ட் இரண்டு விதமாக நடந்துகொள்ள இதுவும் ஒரு காரணம்.

உப்புக்கும் ஓர் உச்சம் உண்டு. பொதுவாக 1 முதல் 3 சதவீதத்துக்குள் எங்கோ ஓரிடத்தில் சோப்பு அதிகபட்சக் கெட்டிக்கு வரும். அதைத் தாண்டினால் மறுபடி நீர்க்கத் தொடங்கும். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். நீர்த்துப் போனதைப் பார்த்து இன்னொரு பிடி உப்பு, அது இன்னும் நீர்க்க மறுபடி ஒரு பிடி, கடைசியில் கலங்கிய உப்புத் தண்ணீர். போட்ட உப்பை வெளியே எடுக்க வழி இல்லை. அதனால் அனுபவசாலிகள் வரிசையை மாற்றிக்கொள்கிறார்கள். முதலில் சென்ட், கடைசியில் உப்பு. அதையும் கரைசலாக்கி, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, ஒவ்வொரு தடவையும் கலக்கிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த கரண்டி.

அசல் சோப்புக்கு இந்த உப்பு வைத்தியம் அவ்வளவாகச் செல்லாது. கல் உப்பில் ஒட்டியிருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் அசல் சோப்போடு சேர்ந்து கரையாத கசடாகிவிடும். கடலோரக் கிணற்று நீரிலும் ஆழ்துளைக் கிணற்று நீரிலும் துணி துவைத்தால் நுரை வராமல் வெள்ளை வெள்ளையாகத் திரிவது இதே வேதியியல்தான். சென்னைக்காக நெம்மேலியில் 2013-இலும் 2024-இலும் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் வந்த இந்தக் கரையில், சோப்பு கரைக்க வாளியில் பிடிக்கும் தண்ணீரையும் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டியிருக்கிறது. கேன் தண்ணீர் பிடித்து வந்து கரைப்பவர்கள் காரணத்தோடுதான் செய்கிறார்கள். தேங்காய் எண்ணெய் சோப்பு மட்டும் இதில் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். அதன் கொழுப்பு அமிலங்களில் பாதி வால் குட்டையான லாரிக் அமிலம். உப்பு நீரிலும் எளிதில் பிரிந்துவிடாது. கடல் நீரிலேயே குளிக்க வேண்டிய மாலுமிகளுக்கு அந்தக் காலத்தில் தேங்காய் எண்ணெய் சோப்புதான் கொடுத்தார்கள்.

சோப்பு தேர்ந்தெடுக்கும் பூ

தமிழ்நாட்டில் சென்ட் என்றதும் பலருக்கும் முதலில் வாயில் வருவது மல்லி. சோப்பில் அதிகம் தடுமாறும் வாசனைகளில் அதுவும் ஒன்று.

முதலில் விலைக் கணக்கு. மல்லிகையை ஆவியில் வடித்தால் அதன் மணம் கெட்டுவிடும். ஹெக்சேன் போன்ற கரைப்பானில் ஊற வைத்து, கரைப்பானை ஆவியாக்கி, மெழுகு போன்ற சாரத்தை எடுக்க வேண்டும். நிலக்கோட்டை, சத்தியமங்கலம் பக்கம் சந்தையில் பூ விலை சரியும்போது ‘சென்ட் ஃபேக்டரிக்குப் போகிறது’ என்று சொல்வது இந்த வேலைக்குத்தான். ஆயிரம் கிலோ குண்டுமல்லியிலிருந்து கிடைக்கும் மெழுகுச் சாரம் இரண்டு கிலோகூடத் தேறாது. ஜாதிமல்லி என்றால் ஏறக்குறைய மூன்று கிலோ. அதைச் சுத்தம் செய்து எடுக்கும் அசல் வாசனைச் சாரம் அதிலும் பாதி. சில நூறு ரூபாய்க்கு லிட்டர் கணக்கில் கிடைக்கும் ‘ஜாஸ்மின்’ பாட்டிலில் பூவே கிடையாது என்பதைச் சொல்லத் தேவையில்லை. அதனாலேயே அது மட்டம் என்றும் ஆகிவிடாது. பூவுக்குள் இருக்கும் பென்சைல் அசிடேட்டும் ஆலையில் செய்த பென்சைல் அசிடேட்டும் ஒரே மூலக்கூறுதான்.

தொல்லை அந்த மூலக்கூறிலேயே இருக்கிறது. பென்சைல் அசிடேட் ஓர் எஸ்டர். அமிலமும் ஆல்கஹாலும் கைகோத்தால் எஸ்டர். காரம் அந்தக் கையைப் பிரித்துவிடும். எண்ணெயைச் சோப்பாக மாற்றுவதும் இதே வேலைதான். எண்ணெய் என்பதே கிளிசரினின் எஸ்டர். ஆக, காரமான அசல் சோப்புக்குள் மல்லி போவது, எஸ்டரை உடைப்பதையே பிறவிக் குணமாகக் கொண்ட இடத்துக்கு ஓர் எஸ்டர் குடிபோவது மாதிரி. மிசெல்லின் எதிர்மின்னூட்டம் காரத்தின் ஹைட்ராக்சைடு அயனிகளைக் கொஞ்சம் தள்ளி வைப்பதால் இது உடனே நடந்துவிடாது. நாள்பட நாள்பட நடக்கும். பென்சைல் அசிடேட் பிரிந்து மணம் மங்கிய பென்சைல் ஆல்கஹாலாகும். மல்லிக்கு அந்த மயக்கும் ஆழத்தைத் தரும் இண்டோல் இன்னொரு பக்கம் சோப்பின் நிறத்தைப் பழுப்பாக்கும். வெனிலா வாசனையைத் தரும் வெனிலினும் அப்படித்தான். வெள்ளையாக இருந்த சோப்பு சில வாரங்களில் டீ நிறத்துக்கு வந்துவிடும்.

எலுமிச்சம்புல்லில் பெரும்பங்கு சிட்ரால். அது ஆல்டிஹைடு வகை, காரத்தில் அதற்கும் ஆயுள் குறைவு. காய்ச்சிய அன்று கமகமத்த எலுமிச்சைச் சோப்பு அடுத்த மாதம் மந்தமாக மணப்பதற்குக் காரணம் இது. அதே சென்ட்டை அமிலத்தன்மை கொஞ்சம் உள்ள டிஷ் வாஷில் விட்டால் இந்த அளவுக்குச் சிதையாது. எலுமிச்சை வாசனை பாத்திரம் கழுவும் திரவத்தின் அடையாளமாகவே நிலைத்துவிட்டதற்கு வேதியியலும் ஒத்துழைத்திருக்கிறது.

காரத்தில் நிற்பது எது? கடற்கரை மணலிலேயே விடை இருக்கிறது. தாழம்பூ. செங்கல்பட்டு மாவட்டத்தில் தாழம்பூர் என்று ஊரே உண்டு. சிவபூசைக்கு ஆகாது என்று ஒதுக்கப்பட்ட இந்தப் பூவின் மணத்துக்கு முக்கியக் காரணம் ஃபீனைல் எத்தில் மெத்தில் ஈதர் என்ற பொருள். தாழையில் ஆண் பூவுக்குத்தான் அந்த மணம். ஒடிசாவின் கஞ்சம் மாவட்டக் கடற்கரையில் இதை வடித்து எடுப்பதே பெருந்தொழில். வேதியியல் கண்ணில் பார்த்தால் விசேஷம் அதன் கடைசிப் பெயரில் இருக்கிறது. ஈதர். எஸ்டரை உடைக்கும் காரத்துக்கு ஈதரை அசைக்கத் தெரியாது. சோப்புத் தொழிலில் ஜெரேனியம் வாசனைக்காக டைஃபீனைல் ஆக்சைடு என்ற இன்னொரு ஈதர் நெடுங்காலமாகப் புழங்குவதும் அதே பலத்தில்தான்.

சந்தனமும் வெட்டிவேரும் அதே கட்சி. சந்தனத்தின் உயிர் சாண்டலால் என்ற ஆல்கஹால்கள், காரம் அவற்றை எதுவும் செய்யாது. முதல் உலகப் போரின்போது மைசூர் அரசின் சந்தனக் கட்டைகள் கப்பலேற முடியாமல் தேங்கின. 1916-இல் பெங்களூரில் சந்தன எண்ணெய் ஆலை வந்தது. எண்ணெய் கையில் இருக்கிறது, அதை வைத்து என்ன செய்யலாம் என்று யோசித்ததில் 1918-இல் சந்தன சோப்பு பிறந்தது. அந்த வேலைக்காக இங்கிலாந்து சென்று படித்து வந்த சோசலே கரலாபுரி சாஸ்திரிக்கு ‘சோப்பு சாஸ்திரி’ என்றே பெயர் நிலைத்தது. நூறு வருடம் கடந்தும் அந்த மணம் சோப்பில் நிற்பதற்குப் பாதிப் புகழ் மூலக்கூறுக்குச் சேர வேண்டும்.

சோப்பு வருவதற்கு முன் நம் வீடுகளில் இந்தத் தொல்லையே இல்லை. நலங்கு மாவில் பூலாங்கிழங்கும் வெட்டிவேரும் காய்ந்த பொடியாக இருந்தன. தண்ணீர் படுவது குளிக்கும் அந்த நிமிடத்தில் மட்டும்தான். காரமும் இல்லை, ஊறலும் இல்லை. திருக்கழுக்குன்றம் பக்கம் தண்டரையில் 1986 முதல் இயங்கும் இருளர் பழங்குடிப் பெண்கள் நலச் சங்கம் மாதிரி, மூலிகையையே நம்பித் தொழில் செய்பவர்களுக்கு உலர்ந்த பொடியின் அருமை தெரியும். அந்தப் பொடியைத் திரவ சோப்பில் கலந்தால் கதை வேறு. அடியில் வண்டல் தங்கும், கிருமிக்கும் தீனி கிடைக்கும்.

மூக்கு சொல்லும் பொய்

சென்ட் அளவை மூக்கால் முடிவு செய்வதுதான் இந்தத் தொழிலின் பழைய பாவம். மனித மூக்கில் ஏறக்குறைய 400 வகை வாசனை ஏற்பிகள் வேலை செய்கின்றன. அவற்றின் மரபணுக் குடும்பத்தைக் கண்டறிந்த லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்ஸல் இருவருக்கும் 2004-இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த ஏற்பிகளுக்கு ஒரு குணம். ஒரே வாசனை தொடர்ந்து வந்தால் சில நிமிடங்களில் அதைக் கண்டுகொள்வதை நிறுத்திவிடும். மீன் மார்க்கெட்டுக்குள் நுழைந்த கொஞ்ச நேரத்தில் கவிச்சி தெரியாமல் போவது போல. அரை மணி நேரமாகச் சென்ட்டோடு மல்லுக்கட்டுபவருக்கு வாளி மணக்கவே மணக்காது. ‘இன்னும் கொஞ்சம்’ என்று ஊற்றுவார். மறுநாள் வாங்குபவருக்குத் தலைவலி.

இன்னொரு பொய்யும் உண்டு. பாட்டிலில் முகர்ந்தால் மங்கலாகத் தெரியும் சோப்பு, கையில் தேய்த்துத் தண்ணீர் பட்டதும் குப்பென்று மணக்கும். கெட்டிச் சோப்பில் சென்ட் செண்டுகளுக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. தண்ணீர் சேர்ந்து சோப்பு நீர்க்க நீர்க்க, செண்டுகள் கட்டவிழ்ந்து வாசனையை வெளியே விடுகின்றன. ஆகவே பாட்டில் வாயில் மூக்கை வைத்துப் பார்ப்பதில் பலன் இல்லை. ஒரு கிண்ணம் தண்ணீரில் நான்கு சொட்டு விட்டுக் கலக்கி, வெளியே போய் நல்ல காற்று வாங்கி வந்து முகர்ந்தால்தான் நிஜம் தெரியும்.

அளவுக்குத் தராசே துணை. ஹேண்ட் வாஷுக்கு அரை சதவீதம் போதும். பத்து கிலோ சோப்புக்கு 50 கிராம். அசல் சோப்புக்கு 1 சதவீதம் வரை போகலாம். சென்ட் ஊற்றும்போது சோப்பு கை பொறுக்கும் சூட்டுக்கு, 40 டிகிரிக்குக் கீழ் ஆறியிருக்க வேண்டும். கொதிக்கும் களியில் ஊற்றினால் முதலில் ஆவியாகிப் போவது எலுமிச்சை, யூகலிப்டஸ் மாதிரியான லேசான வாசனைகள்தான். கொட்டகை மணக்கும், சோப்பு மணக்காது. சென்ட் சோப்பை மங்கலாக்கினால் ட்வீன் 20 என்று கடையில் கிடைக்கும் பாலிசார்பேட் கைகொடுக்கும். சென்ட்டோடு அதை முதலில் சரிபங்காகக் கலந்து, பிறகு சோப்பில் விட வேண்டும். சில சென்ட்டுகளுக்கு இரண்டு, மூன்று பங்குகூடத் தேவைப்படும். எதுவானாலும் முதலில் நூறு கிராம் சோப்பில் செய்து பார்த்துவிட்டுப் பத்து கிலோவுக்குப் போனால் நஷ்டம் நூறு கிராமோடு நின்றுவிடும்.

தோல் கேட்கும் கணக்கு

வாசனைக்குத் தலையாட்டாதது தோல். சிலருக்கு வாசனைப் பொருட்கள் ஒவ்வாமை தரும். ஒரு தடவை வந்துவிட்டால் அந்தப் பொருளுக்கு அது ஆயுளுக்கும் தொடரலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2003-இல் 26 வாசனைப் பொருட்களைப் பட்டியலிட்டு, கழுவி விடும் பொருளில் அவை 0.01 சதவீதத்தைத் தாண்டினால் பெயரை லேபிளில் அச்சிட வேண்டும் என்றது. 2023-இல் அந்தப் பட்டியல் எண்பதைத் தாண்டியது. லில்லியல் என்ற பிரபலமான பூ வாசனைப் பொருளை ஒன்றியம் 2022 மார்ச் முதல் அழகுப் பொருட்களில் அடியோடு தடை செய்தது. அந்த 26-இல் ரோஜாவின் ஜெரானியால், எலுமிச்சையின் லிமோனீன், மல்லியிலும் லாவண்டரிலும் உள்ள லினலூல் எல்லாம் உண்டு. ‘இயற்கை எண்ணெய், ஒன்றும் செய்யாது’ என்ற பேச்சு இந்தப் பட்டியல் முன் நிற்காது. லிமோனீன் புதிதாக இருக்கும்போது சாது. காற்றும் வெயிலும் பட்டு ஆக்சிஜன் ஏறிய பிறகுதான் தோலை உறுத்தும் பொருட்களாக மாறுகிறது. சிமென்ட் ஷீட் கொட்டகையில் சித்திரை வெயிலில் திறந்து வைத்த ஆரஞ்சு எண்ணெய் பாட்டிலை அடுத்த வருடம் எடுத்துக் கைச் சோப்பில் விடுவது ஆபத்தான சிக்கனம். பழுப்பு நிறக் கண்ணாடி பாட்டில், இறுக்கமான மூடி, நிழல் மூன்றும் அவசியம்.

வாசனை எண்ணெய் போட்டாலே சோப்பு கெடாது என்ற நம்பிக்கையும் தவறு. தண்ணீர் பெரும்பங்காக உள்ள டிடர்ஜென்ட் வகைத் திரவத்தில் பாக்டீரியா வளரும். அதற்குத் தனியாகப் பாதுகாப்புப் பொருள் வேண்டும். கேக் கடையின் பைனாப்பிள் எசன்ஸ் சோப்புக்கான சென்ட் இல்லை. ஊதுபத்திக்கான வாசனைத் தைலமும் அப்படியே. எரிப்பதற்காகச் செய்ததைத் தோலில் தேய்க்க முடியாது. விற்பனைக்கு இறங்குபவர்கள் சட்டத்தையும் பார்க்க வேண்டும். 1940-ஆம் வருட மருந்து, அழகுப்பொருள் சட்டம் சோப்பை நெடுங்காலம் விட்டுவைத்திருந்தது. 1982-இல் வந்த திருத்தம் அந்த விலக்கை நீக்கியது. இப்போது 2020-ஆம் வருட அழகுப்பொருள் விதிகளின்படி, உடம்பில் தேய்க்கும் சோப்பை விற்பதற்காகத் தயாரிக்க உரிமம் தேவை. பாத்திரத் திரவமும் தரைத் திரவமும் அந்த விதிகளுக்குள் வருவதில்லை.

விவரம் தெரிந்த இடங்களில் ஜன்னலோரம் ஒரு பாட்டில் வரிசை இருக்கும். ஒவ்வொன்றிலும் கலந்த தேதி, சென்ட்டின் பெயர், கிராம் கணக்கு எழுதி ஒட்டியிருக்கும். ஒரு செட் வெயிலில், இன்னொரு செட் அலமாரி இருட்டில். நான்கு வாரம் கழித்து எடுத்துப் பார்த்தால் வெனிலா டீ நிறத்தில் நிற்கிறது. மல்லி இளம்பழுப்பு, மணத்தில் பூவைவிட மருந்து வாடை தூக்கல். எலுமிச்சை இருக்கிறதா இல்லையா என்று தேட வேண்டியிருக்கிறது. தாழம்பூ ஊற்றிய அன்று இருந்த மாதிரியே.

ரசமாகிப்போன அந்த முதல் வாளியையும் கொட்டிவிட வேண்டியதில்லை. அதில் போட்டிருந்த உப்பு இன்னும் உச்சத்தைத் தொடவில்லை என்றால் வழி இருக்கிறது. ஒரு டம்ளர் தண்ணீரில் உப்பைக் கரைத்து, ஒவ்வொரு கரண்டியாக விட்டுத் துடுப்பால் மெதுவாகக் கலக்க வேண்டும். முதல் கரண்டிக்கு ஒன்றும் நடக்காது. இரண்டாவதுக்குக் குமிழிகள் மேலே வரத் தயங்கும். மூன்றாவதில் துடுப்பு இழுக்கத் தொடங்கினால், டம்ளரில் மிச்சம் இருக்கும் உப்புத் தண்ணீரை அப்படியே கீழே வைத்துவிட வேண்டும்.